வயித்தால போற நாயும் எட்டு வாரக் கட்டுப்பாடும்

நம்ம பக்கத்துல ஒரு நாய்க்கு அடிக்கடி வயித்தால போனா ரெண்டு தீர்ப்புத்தான் கிடைக்கும். முதலாவது, "கண்டதையும் தின்னிருக்கும், தானா சரியாகும்." ரெண்டாவது, "இதை இனி வச்சிருக்கேலாது, எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாங்க." இந்த ரெண்டு தீர்ப்புக்கும் நடுவுல மூணு நாலு மாசம் போயிருக்கும். அதுக்குள்ள ரெண்டு ஊசி, கொஞ்சம் மாத்திரை, நிறையக் கோபம்.

அந்த "எங்கேயாவது" எங்கன்னு நாவுலயில இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஏ9 வீதியில தம்புள்ள பக்கம் போற வழியில வீடு குறைஞ்ச இடம். சந்தைப் பக்கம். விகாரை வாசல், கோயில் வாசல். எலஹெர வீதியில காட்டோரம். விடப்படுற நாய்கள் எல்லாம் கடிக்கிற நாய்களோ வயசான நாய்களோ இல்ல. வீட்டு வாசலை நாளுக்கு அஞ்சு தடவை அசிங்கப்படுத்திச்சு என்கிறதுக்காகவே விடப்பட்டதும் அதுல இருக்கு.

இப்படி விடப்படுற நாய்களில் ஒரு பகுதிக்கு இருக்கிறது உணவு ஒவ்வாமை. அதை நாவுலயில இருந்துகொண்டே, நாவுலயில கிடைக்கிற சாப்பாட்டை வச்சே கண்டுபிடிக்கலாம், சமாளிக்கலாம் என்பது எங்க கருத்து. அதுக்குக் காசை விட ரெண்டு விஷயம் கூடுதலா வேணும்: யாராவது விளங்கப்படுத்தணும், அதுக்குப் பிறகு வீடும் ஒழுங்கையும் சேர்ந்து ரெண்டு மாசம் ஒரு முடிவில நிக்கணும்.

முதல்ல பூச்சி, பிறகுதான் ஒவ்வாமை

வயித்தால போற ஒவ்வொரு நாய்க்கும் ஒவ்வாமைன்னு பேர் வைக்கிறதும் பிழை. நம்ம மண்ணுல முதல் சந்தேகம் பூச்சி மேலதான் வரணும். நாய்களின் குடலில் இருக்கிற கொக்கிப்புழு வகைகளில் ஒண்ணுக்கு விஞ்ஞானப் பேரே "சிலானிக்கம்". 1911இல் இலங்கையில ஒரு புனுகுப் பூனையில இருந்து எடுத்த புழுவை வச்சு விவரிச்சதால அந்தப் பேர். அது மனுஷனுக்கும் தொத்தும். ஆகவே நாயின் மலத்தைப் பரிசோதிக்கிறது நாய்க்காக மட்டும் செய்யிற வேலை இல்ல, வெறுங்காலோட முத்தத்துல விளையாடுற பிள்ளைகளுக்காகவும்தான்.

பூச்சி மருந்தை நாயின் எடைக்கு ஏத்த மாதிரி, மிருக வைத்தியர் சொல்ற இடைவெளியில குடுத்து முடிக்கணும். ஜியாடியா மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணிகளுக்கு வேற மருந்து. குட்டி நாய் ஒண்ணு வாந்தி எடுத்து, இரத்தமா வயித்தால போய், சோர்ந்து படுத்திருந்தா அது பார்வோ வைரஸா இருக்கலாம். ஒவ்வாமையைப் பத்தி யோசிக்கிற நேரம் அது இல்ல. அன்றைக்கே வைத்தியரிடம் தூக்கிட்டுப் போகணும். வளர்ந்த நாயா இருந்தாலும் இரத்தம், வெளுத்த முரசு, தண்ணி கூட வயித்துல தங்காத வாந்தி இதுகளில் ஏதாவது இருந்தா வீட்டு வைத்தியம் வேணாம்.

பால் விஷயம் வேற. வளர்ந்த நாய்கள் பலதுக்குப் பாலில் இருக்கிற சீனியைச் செரிக்கிற சக்தி குறைவு. மிஞ்சின பால் தேத்தண்ணியை ஊத்தினா வயித்தைக் கலக்கும். பாலை நிப்பாட்டினா அதுவும் நிக்கும். அதுக்குப் பேர் சகிப்பின்மை. ஒவ்வாமை என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஒரு உணவுப் புரதத்தை எதிரின்னு நினைச்சுத் தாக்குறது. கொஞ்சம் தின்னாலும் கோளாறு வரும்.

ஒவ்வாமைக்குச் சில அடையாளங்கள் இருக்கு. வயித்தோட்டம் வந்து வந்து போகும். சளி மாதிரி வழுவழுப்பா மலம் போகும். வாந்தி, வயித்து இரைச்சல், நாத்தமான காற்று. இதோட வருஷம் முழுக்கச் சொறி, பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது, காது திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிறது எல்லாம் சேர்ந்து வந்தா சந்தேகம் வலுக்கும். காதுக்கு ஒரு மருந்து, தோலுக்கு ஒரு மருந்து, வயித்துக்கு ஒரு மருந்துன்னு தனித்தனியா வாங்கிக்கொண்டு இருக்கிறோமே, மூணுக்கும் காரணம் ஒரே சாப்பாட்டுக் கோப்பையா இருக்கலாம்.

வெளிநாட்டுப் பட்டியல் நம்ம நாய்க்குச் சரிவருமா?

2016இல் வெளிவந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களைக் கணக்கெடுத்துச்சு. அதில் மாட்டிறைச்சி 34 வீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13. சோயா, ஆட்டிறைச்சி, சோளம், முட்டை எல்லாம் அதுக்குக் கீழே. மீனும் அரிசியும் ரெண்டு வீதம் அளவில கடைசிப் பக்கம்.

இதைப் பார்த்திட்டு "மாட்டிறைச்சி குடுக்காட்டி சரி"ன்னு முடிவெடுக்க ஏலாது. அந்த நாய்கள் பெரும்பாலும் ஐரோப்பா, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியாவில வளர்ந்தது. அங்கே நாய்கள் நிறையத் தின்னுறது மாட்டிறைச்சி, அதனால அது முதலில நிக்குது. ஒவ்வாமை என்பது புதுசா வந்த உணவுக்கு வாறதை விட, பழகின உணவுக்குத்தான் கூட வரும். "இத்தனை நாளா இதைத்தானே தின்னுச்சு, ஒண்ணும் ஆகலையே" என்கிற வாதம் அதனாலதான் நிக்காது.

அப்படின்னா நம்ம நாய்கள் எதைப் பழகியிருக்கு? கோழிக் கடையில மலிவா வாங்குற தலை, கால், குடல். காலையில மிஞ்சின பாண், கோதுமை மா ரொட்டி. சோயா மீட் கறி. மாரி பிஸ்கட். டின் மீன் எண்ணெய் பிசைஞ்ச சோறு. கடையில விக்கிற நாய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்தாலும் உள்ள பெரும்பாலும் கோழி, கோதுமை, சோளம், சோயாதான். முகப்பில மாட்டிறைச்சிப் படம் போட்ட பையிலயும் சின்ன எழுத்தில கோழித் தூள் இருக்கலாம். ஒரு பையை விட்டு இன்னொரு பைக்கு மாறிட்டு "சாப்பாட்டை மாத்திப் பார்த்தோம், சரிவரல"ன்னு சொல்றவங்க, அநேகமா கோழியில இருந்து கோழிக்குத்தான் மாறியிருப்பாங்க.

இரத்தத்தையோ எச்சிலையோ முடியையோ அனுப்பினா எந்த உணவு ஒவ்வாதுன்னு சொல்லித் தாறோம்னு விளம்பரங்கள் வருது. உணவு ஒவ்வாமைக்கு அந்தப் பரிசோதனைகளை நம்பி முடிவெடுக்க ஏலாது. நம்பகமான பரிசோதனை ஒண்ணுதான்: விலக்கு உணவு. அதுக்கு ஆய்வுகூடம் தேவையில்ல, அடுப்பு இருந்தா போதும்.

எட்டு வாரம் என்ன செய்யணும்

முறை இதுதான். இந்த நாய் இதுவரை தின்னாத ஒரு புரதம், அதோட ஒரு மாச்சத்து. அதைத் தவிர வேற எதுவும் வாயில படக்கூடாது. வயித்துக் கோளாறு பெரும்பாலும் ரெண்டு மூணு கிழமைக்குள்ள குறையத் தொடங்கும். தோலும் காதும் தெளிய எட்டு வாரம் வரைக்கும் பொறுக்கணும்.

நாவுலக்காரருக்கு இதில ஒரு வசதி இருக்கு. ஒரு பக்கம் போவதென்ன, இன்னொரு பக்கம் மொரகஹகந்த. குளத்து மீன் வாங்க தூரம் போகத் தேவையில்ல. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விட்ட திலாப்பியா இன்றைக்கு நம்ம குளங்களின் முக்கிய மீன். கோழித் தலையிலயும் பாணிலயும் வளர்ந்த ஒரு நாய்க்கு, அவிச்சு முள் எடுத்த திலாப்பியாவும் சோறும் நல்ல விலக்கு உணவு. சோறு நாய்க்குச் செரிக்காது என்கிற கதையையும் விடலாம். மாச்சத்தைச் செரிக்க உதவுற மரபணு ஓநாயை விட நாய்க்குப் பல மடங்கு கூட இருக்குன்னு 2013இல் ஒரு ஆய்வு காட்டியிருக்கு. மனுஷனோட சேர்ந்து வாழ்ந்து பழகினதின் அடையாளம் அது.

ஆனா ஏற்கெனவே மீன் தலையும் கருவாடும் தின்னு வளர்ந்த நாய்க்குத் திலாப்பியா புதுசு இல்ல. மீனுக்கு மீன் புரதம் ஒத்துப் போகும். அந்த நாய்க்கு முட்டையோ ஆட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ, எதைத் தின்னாம இருந்ததோ அதுதான் தேர்வு. "எது நல்ல சாப்பாடு" என்கிற கேள்வியை ஒதுக்கி வச்சிட்டு, "எது இந்த நாய்க்குப் புதுசு"ன்னு கேளுங்க. அதுக்கு ஒரு கொப்பியை எடுத்து, குட்டியில இருந்து என்னென்ன குடுத்தோம்னு வீட்டுல எல்லாரும் இருந்து எழுதணும்.

அளவுக்கு ஒரு கணக்கு: பத்துக் கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 600 கலோரி வேணும். வேகவைக்க முந்தி நிறுத்த 100 கிராம் அரிசி, முள் எடுத்த 200 கிராம் மீன், ஒரு தேக்கரண்டி எண்ணெய் அந்த அளவுக்குக் கிட்ட வரும். ரெண்டு மூணு வேளையாப் பிரிச்சுக் குடுங்க. நாய் மெலிஞ்சா கூட்டணும், கொழுத்தா குறைக்கணும். ஒரேயடியா மாத்தாம நாலஞ்சு நாளில பழைய சாப்பாட்டைக் குறைச்சுக்கொண்டு வாங்க.

உப்பு, மிளகாய்த் தூள், தேங்காய்ப் பால் எதுவும் வேணாம். வெங்காயமும் உள்ளியும் கண்டிப்பா வேணாம். பெரிய வெங்காயத்துக்குப் பேர் போன மாவட்டத்தில இருந்துகொண்டு இதைச் சொல்றது கஷ்டம்தான், ஆனா வெங்காயம் நாயின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும். சமைச்சாலும் அந்தக் குணம் போகாது. கறிச்சட்டி வழிச்ச சோறு நாய்க்கு நல்லதில்ல என்பதுக்கு இது ஒண்ணே போதுமான காரணம்.

வெறும் மீனும் சோறும் காலம் முழுக்கப் போதாது. கல்சியமும் சில விட்டமின்களும் குறையும். வளர்ந்த நாய்க்குப் பரிசோதனைக் காலத்துக்கு இது ஓடும். அதுக்குப் பிறகும் இதையே தொடரணும்னா என்ன சேர்க்கணும்னு வைத்தியரிடம் கேட்டுத்தான் ஆகணும். வளர்ற குட்டிக்கும் குட்டி சுமக்கிற நாய்க்கும் தொடக்கத்துலயே கேக்கணும்.

கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. நாய் தெளிஞ்ச பிறகு பழைய சாப்பாட்டைத் திரும்பக் குடுத்துப் பார்க்கணும். சில நாளில, கூடினா ரெண்டு கிழமையில, கோளாறு திரும்பி வந்தாத்தான் ஒவ்வாமை உறுதி. வராட்டி வேற காரணம். பிறகு கோழி தனியா, பாண் தனியா, முட்டை தனியான்னு ஒவ்வொண்ணாக் குடுத்துக் குற்றவாளியைப் பிடிக்கணும். பத்துச் சாப்பாட்டை வாழ்நாள் பூரா மறிக்கிறதை விட ஒண்ணே ஒண்ணை மறிக்கிறது நாய்க்கும் நல்லது, வீட்டுக்கும் லேசு.

நாய்க்கு ஒரு வீடு, சாப்பாட்டுக்குப் பத்து வீடு

வெளிநாட்டு வைத்தியக் குறிப்புகள் எல்லாம் நாய் வீட்டுக்குள்ள இருக்குன்னு நினைச்சு எழுதினது. நம்ம நாய் காலையில கேட் திறந்தா வெளியே போகும். தேத்தண்ணிக் கடையில ஒரு துண்டு பணிஸ். பள்ளிக்கூடம் போற பிள்ளை கையால ஒரு பிஸ்கட். விகாரையில தானம் முடிஞ்சா பாற்சோறு. இறைச்சிக் கடையில ஒரு துண்டு சவ்வு. பக்கத்து வீட்டு ஆச்சி மத்தியானச் சோத்துல ஒரு பிடி. சாயங்காலம் அது வீட்டுக்கு வாற நேரம், நாலு இனத்துச் சாப்பாடு அதன் வயித்துல இருக்கும்.

இதைக் குறையாச் சொல்லல. நம்ம ஊர்ல பட்டினியால சாகாம நாய் இருக்கிறதுக்குக் காரணமே இந்தப் பத்துக் கைகள்தான். ஆனா விலக்கு உணவு தோக்குறதும் இந்தப் பத்துக் கைகளாலதான். எட்டு வாரத்துல ஒரு நாள் ஒரு துண்டு பணிஸ் போதும், எண்ணின நாளை எல்லாம் திரும்ப எண்ண வேண்டி வரும்.

எங்க வட்டத்துல ஒருத்தர் வீட்டு பிரவுணிக்கு நடந்ததைச் சொல்றோம். நாலு மாசம் வயித்தோட்டம், காதுல சீழ். பூச்சி மருந்து முறையாக் குடுத்தும் நிக்கல. திலாப்பியாவும் சோறும் தொடங்கி மூணாவது கிழமையில மலம் கட்டியாச்சு. நாலாவது கிழமை திரும்பவும் தண்ணி. விசாரிச்சுப் பார்த்தா கடைப் பக்கம் யாரோ கோழி ரோல்ஸ் போட்டிருக்காங்க. அதுக்குப் பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு மட்டையை வெட்டி, சிங்களத்திலயும் தமிழிலயும் "எனக்கு வயிறு சரியில்ல, சாப்பாடு போடாதீங்க"ன்னு எழுதி, பொலித்தீன் சுத்திக் கழுத்துல தொங்க விட்டாங்க. கடைக்காரர் முதல் நாள் சிரிச்சார். மூணாவது நாள், வாடிக்கையாளர் ஒருத்தர் பணிஸ் போடப் போக, அவரே மறிச்சார். எட்டு வாரம் முடிஞ்சு கோழியைத் திரும்பக் குடுத்தப்ப மூணாம் நாளே வயித்தால போச்சு. பாணுக்கு ஒண்ணும் ஆகல. ஆக பிரவுணிக்கு ஆகாதது கோழி ஒண்ணுதான். இப்ப அது பாணும் தின்னுது, மீனும் தின்னுது, வீட்டுலயும் இருக்கு.

இந்த மட்டையைத்தான் நாங்க மருந்துன்னு சொல்றோம். மூணு மொழி பேசுற, ரெண்டு எழுத்து வாசிக்கிற ஒரு சின்ன டவுனில, ஒரு நாயைப் பத்தி எல்லாரும் ஒரே முடிவுக்கு வாறது சின்ன விஷயம் இல்ல.

"மனுஷனுக்கே இல்ல, நாய்க்கா?"

இந்தக் கேள்வி வரும். வரவும் வேணும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவில இருந்து ரெண்டு மூணு மாசத்துல 360 வரைக்கும் ஏறினதை மறந்திட்டு நாய்ச் சாப்பாடு பத்தி யாரும் எழுத ஏலாது. அந்த வருஷம் பால் மாவுக்கு வரிசையில நின்ன வீடுகளில நாய்க்கு என்ன கிடைச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒவ்வாமை நாய்களுக்குன்னு புரதத்தை உடைச்சுத் தயாரிக்கிற இறக்குமதிச் சாப்பாடு நல்ல பொருள்தான், ஆனா தோட்டச் சம்பளத்திலயும் மிளகுத் தோட்ட நாட்கூலியிலயும் வாழுற வீட்டுக்கு அது வழி இல்ல.

எங்க வாதம் அந்தப் பைக்காக இல்ல. மாசா மாசம் ஊசிக்கும் மாத்திரைக்கும் ஓட்டோவுக்கும் போற காசைக் கூட்டிப் பாருங்க. காரணம் தெரியாம ஒவ்வொரு தடவையும் அன்டிபயோடிக் குடுக்கிறதால வயிறு நாலு நாள் நிக்கும், பிறகு பழையபடி. எட்டு வாரம் குளத்து மீன் வாங்குறது அதை விடக் கூடாது. வீட்டுல மனுஷருக்கு வாங்குற மீனிலயே நாய்க்கும் ஒரு பங்கை உப்புப் புளி போடாம அவிச்சு எடுக்கலாம்.

இன்னொண்ணு. றோட்டுல விட்ட நாயோட செலவு நின்னு போறதில்ல, ஊருக்கு மாறுது. தடுப்பூசி போடாத, கட்டுப்பாடில்லாத இன்னொரு நாய் சந்தைப் பக்கம் சேருது. நாளைக்கு யாரையாவது கடிச்சா விசர்நாய்க்கடி ஊசிக்கு அரச ஆஸ்பத்திரியில நிக்கப் போறது நம்ம பிள்ளைகள்தான்.

நாங்க கேக்கிறது

இலங்கைச் சட்டம் நாயைப் பார்த்த விதமே ஒரு பக்கமானது. 1893இல் விசர்நாய்க்கடிக்கு ஒரு சட்டம், 1901இல் நாய்களைப் பதிய ஒரு சட்டம். 2006இல் தெருநாய்களைக் கொல்றதை அரசு நிப்பாட்டிச்சு. அது பெரிய முன்னேற்றம். ஆனாலும் நாய்னா விசர், விசர்னா ஊசி என்கிற அளவுலதான் பொதுச் சேவை இருக்கு. அரச மிருக வைத்தியர்களின் நாளில பெரும்பகுதி மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் போகுது. அதுல பிழை சொல்ல ஏலாது, பால் மாட்டை நம்பித்தான் பல வீடு ஓடுது. மேலதிகப் பரிசோதனைன்னா பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை. நாவுலயில இருந்து மாத்தளை, கண்டி தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல. வயித்தால போற நாயோட பஸ்ல ஏற ஏலாது, ஓட்டோவுக்குக் குடுக்கிற காசு பல வீட்டுக்கு ஒரு கிழமைச் சாப்பாடு.

ஆகவே பெருசா எதுவும் கேக்கல. விசர்நாய்த் தடுப்பூசி போட ஊருக்கு ஊர் வாற நாளில ஆட்கள் நாயோட வரிசையில நிக்கிறாங்களே, அன்றைக்கு ரெண்டு கேள்வி கூடக் கேளுங்க: பூச்சி மருந்து எப்ப குடுத்தீங்க? வயிறு, காது, தோல் எப்படி இருக்கு? ஆம்னு சொல்றவங்களுக்கு, விலக்கு உணவு எப்படிச் செய்யிறதுன்னு சிங்களத்திலயும் தமிழிலயும் எழுதின ஒரு தாள் குடுங்க. மருந்துச் சீட்டில வைத்தியர் ஆங்கிலத்தில எழுதுறதைக் கடைக்காரர் சிங்களத்தில சொல்ல, வீட்டுக்கு வாற நேரம் தமிழ் பேசுற அம்மாவுக்குப் பாதிதான் மிஞ்சுது. எட்டு வாரக் கட்டுப்பாடு அந்தப் பாதியில நடக்காது.

நாய் வளர்க்கிறவங்களிட்ட கேக்கிறது: பனடோல், வலி மாத்திரை, உங்களுக்குக் குடுத்த வயித்தோட்ட மாத்திரை எதையும் நாய்க்கு நீங்களாக் குடுக்காதீங்க. ஒரு கொப்பி வையுங்க. திகதி, சாப்பாடு, மலம் எப்படி, சொறி எப்படி. வைத்தியரிடம் போற நேரம் அதைக் கொண்டுபோங்க. நாலு நிமிஷத்தில அவர் பத்துக் கேள்வி கேக்கிறதை அது மிச்சம் பிடிக்கும்.

நாய் வளர்க்காதவங்களிட்ட கேக்கிறது அதை விடச் சின்னது. கழுத்துல மட்டை தொங்குற ஒரு நாய் உங்க கடை வாசலுக்கு வந்தா, வாசிச்சுப் பாருங்க. தண்ணி மட்டும் வையுங்க.